மழைக்கு ஊதும், வெயிலுக்கு ஒட்டும்

செங்கல்பட்டு வீட்டின் மெத்தை அறையில் ஏழாவது பலகைக்கும் எட்டாவது பலகைக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. சித்திரை வெயிலில் அந்த இடுக்கில் அலுமினிய ஐந்து காசை நிறுத்தி விட்டால் நேராகக் கீழே கூடத்தில் போய் விழும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு அதே காசு உள்ளே நுழையாது. 1969இல் எட்டு வயதுச் சிறுமியாக இருந்த அவர் இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்தார். ஆயா முறத்தில் அரிசி புடைக்கும் நேரம் பார்த்துக் காசைப் போடுவார். அரிசியோடு காசும் துள்ளும். "எவடி அவ மேல?" என்று ஆயா அண்ணாந்து பார்த்தால் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரியும்.

அந்தக் காசின் கணக்கு அவருக்கு முழுதாகப் புரிய ஐம்பது ஆண்டு ஆனது. அதற்குள் அவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராகி, ஓய்வும் பெற்றிருந்தார்.

வீட்டை 1930களில் கட்டியவர் தாத்தா. தென்னிந்திய ரயில்வேயில் வேலை. செங்கல்பட்டு ஜங்ஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் மனை. அந்த வட்டாரத்தில் அப்போது மாடித்தளம் என்றால் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் ஓரங்குல கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சாய்வாட்டத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்து வைப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். முன்னறைக்கும் அடுக்களைக்கும் மேலே அப்படித்தான் போட்டிருந்தது. கூடத்துக்கு மேலே மட்டும் தாத்தா பலகை வேண்டும் என்று நின்றார். ஏதோ ஒரு ரயில்வே பங்களாவில் பார்த்த ஆசை. பன்னிரண்டடிக்குப் பதினான்கடி அறை. ஆறங்குல அகலத்தில் இருபத்துநான்கு பர்மாத் தேக்குப் பலகைகள். மேலே மங்களூர் ஓடு. மீட்டர்கேஜ் வண்டி விழுப்புரம் பக்கம் போகும்போது அந்தப் பலகைத் தரை முழுதும் லேசாக அதிரும். படுத்திருக்கும் முதுகுக்கு அது தெரியும்.

தாத்தா, ஆயா, பிறகு அப்பா என்று ஒவ்வொருவராகப் போனபின் வீடு பூட்டிக் கிடந்தது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் ஓடுகளை வாரிக்கொண்டு போயிற்று. ஓட்டை மாற்ற ஆள் கிடைக்கவில்லை, மனசும் ஓடவில்லை. இரண்டு மழைக்காலம் பலகை மேல் நேராகக் கொட்டியது.

அவர் அப்போது முடிச்சூரில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருந்தார். அங்கேயும் வர்தாவுக்கு முந்தைய ஆண்டுவரை மரத்தரைதான், பெயருக்கு. லேமினேட். பார்க்க வால்நட் மரம் மாதிரி இருந்த அதன் மேல்பகுதி அச்சடித்த காகிதம். காகிதத்தின் மேல் தேயாத ஒரு பூச்சு. அடியில் மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்த அட்டை. பூச்சு உறுதியானதுதான், நாற்காலி இழுத்தாலும் கீறல் விழாது. ஆனால் தண்ணீர் மேலிருந்து வரும் என்று மட்டுமே நினைத்துச் செய்த பொருள் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூருக்குள் வந்தபோது, தரை அடியிலிருந்து குடித்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்த அன்று விளிம்புகளெல்லாம் அப்பளம்போல எழும்பி நின்றன. நார் அட்டை ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அள்ளி எறிய இரண்டு நாள் ஆயிற்று.

2019இல் ஓய்வு. அந்த நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு தாத்தா வீட்டைச் சரிசெய்து அங்கேயே குடிபோவது என்று முடிவு செய்தார். கையில் இரண்டு மாதிரிப் பலகைகளும் வண்ணப் புத்தகம் ஒன்றும் இருந்தன. அடர்பழுப்பா, தேன் நிறமா என்பதே அவருக்கு அப்போது இருந்த ஒரே கேள்வி.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஆசாரிக்கு எழுபது தாண்டியிருக்கும். அந்த வீட்டு ஜன்னல்களைச் செய்தவர் அவருடைய அப்பா. வண்ணப் புத்தகத்தை நீட்டியபோது வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, டார்ச்சையும் ஒரு ஒல்லி உளியையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். ஏணி போட்டு ஏறி, உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியால் குத்திப் பார்த்தார். தெற்குச் சுவரில் 'டக், டக்' என்று கேட்டது. வடக்குச் சுவரில் சத்தமே இல்லை. உளி பாதிவரை உள்ளே போயிற்று.

"தரை அப்புறம் பாப்பா. தரை எது மேல நிக்கப்போவுதுன்னு மொதல்ல பாரு."

டீச்சரான பிறகு அவரைப் பாப்பா என்று கூப்பிட்டவர் அந்த ஒருவர்தான்.

வடக்குச் சுவர் கெட்டதற்குக் காரணம் பழமை என்றுதான் அவர் நினைத்தார். ஆசாரி வெளியே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். 1990களில் யாரோ மழைக்குப் பாதுகாப்பு என்று அந்தப் பக்கம் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மழையில் நனையும், வெயிலில் உலரும். உள்ளே போன ஈரம் வந்த வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது. விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற இடமில்லாமல், சுவருக்குள் புதைந்திருந்த உத்தர முனைகளில் போய்த் தங்கியது. அங்கே முதலில் பூஞ்சை, பின்னால் கறையான். அறுபது ஆண்டு நின்ற தேக்கை இருபது ஆண்டில் தின்ன வைத்தது மேலே போட்ட ஒரு பூச்சு. பழைய வீட்டைச் சீர்செய்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் அவர் இன்றைக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: தயவுசெய்து சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்.

நான்கு உத்தரங்களில் இரண்டின் வடக்கு முனைகளை ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தேக்குத் துண்டைச் சாய்வு ஒட்டுப் போட்டு, போல்ட் முடுக்கினார்கள். சுவரில் உத்தரம் உட்காரும் குழியைக் கொஞ்சம் பெரிதாக்கி, மரத்தைச் சுற்றிக் காற்றுப் போக விரல் அளவு இடம் விட்டார்கள். முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தார் ஆசாரி. படகுக்கும் கைமரத்துக்கும் கடலோரத்தில் அடிக்கிற கருப்பு எண்ணெய் அது. கறையான் அண்டாது. தோலில் பட்டால் வெந்துவிடும் என்பதால் கை இரண்டிலும் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே துணி சுற்றிக்கொண்டார்.

அடுத்தது பழைய பலகைகளைப் பெயர்ப்பது. அதற்கு முன்னால் டீச்சர் முட்டுக்காட்டுக்குப் போனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில், தென்னாட்டின் பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய வீடுகள் நிற்கின்றன. லாரி பேக்கரின் வடிவமைப்பில் தொடங்கிய இடம். மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப்போய் அங்கே பலமுறை நடந்திருக்கிறார். தரையைக் குனிந்து பார்த்தது அன்றுதான். புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் கொட்டும் மர அறை இருக்கிறது. நெல்லின் பாரத்தைத் தாங்கவும், தரை ஈரம் நெல்லை எட்டாமலிருக்கவும் பலகைகள் மண்ணை விட்டு உயர்ந்து நிற்கின்றன. அடியில் காற்று போய்வருகிறது. சதுரங்கப்பட்டினத்து ஆசாரி உத்தர முனையில் விரல் அளவு இடம் விட்டதும் இதுவும் ஒரே வேலைதான் என்று அவருக்கு அங்கே நின்றபோது பட்டது.

ஒரு வீட்டைப் பிரித்து இன்னோர் ஊரில் எழுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டாக வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு பெட்டி சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். தெற்குச் சுவரிலிருந்து தொடங்கி ஒன்று முதல் இருபத்துநான்கு வரை எழுதினார். ஏழில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

பெயர்த்துப் பார்த்ததில் பதினொன்று தேறின. பதின்மூன்று போயிற்று.

இந்த எண்ணிக்கைதான் மரத்தைத் தேர்ந்தெடுத்தது. அத்தனையும் போயிருந்தால் எந்த மரத்தையும் போடலாம். பதினொன்று மிஞ்சியதால், புதிதாக வருகிற பதின்மூன்றும் பழைய பதினொன்றோடு சேர்ந்து ஊத வேண்டும், சேர்ந்து ஒட்ட வேண்டும்.

ஆனாலும் மரவாடிகளை ஒரு சுற்று சுற்றாமல் விடவில்லை அவர். எஞ்சினியர்டு வுட் என்கிற பலகையைப் பார்த்தார். நல்ல மரத்தை மூன்று நான்கு மில்லிமீட்டர் சீவி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட்டின் மேல் பதித்தது. ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கை நகரவிடாமல் பிடித்துக்கொள்வதால் அதிகம் விரியாது, சுருங்காது. கான்கிரீட் தளத்தின் மேல் ஒட்டுவதற்குக் குறைசொல்ல முடியாத பொருள். உத்தரத்தின் மேல் அந்தரத்தில் கிடக்கிற, அடியிலிருந்து கூடத்துக் காற்றும் சமையல் ஆவியும் ஏறுகிற தரைக்கு ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்கத் தேக்கு, கானா தேக்கு, சூடான் தேக்கு, மலேசியன் சால் என்று வாடியில் பெயர்கள் வரிசையாக வந்தன. தோட்டத்துத் தேக்கு மலிவாக இருந்தது. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் வெட்டிய மரம், பாதிக்கு மேல் வெள்ளை. தேக்கைக் கறையான் தொடாது என்பது வைரத்துக்குத்தான் பொருந்தும். வெளிப்புற வெள்ளையைத் தேக்கானாலும் அது தின்னும்.

ஊர்மரம் ஏதாவது ஆகுமா என்றும் கேட்டார். பனை என்றால் அவருக்குத் தனிப் பிரியம். மாமல்லபுரத்திலிருந்து கூவத்தூர்வரை ஓட்டுவீடுகளைத் தாங்கியது முற்றின பனையின் கருஞ்சட்டம்தான். ஆனால் பனையில் வைரம் வெளிப்பக்கம், நடுவில் சோறு. சட்டமாக அறுக்கலாம், ஆறங்குலப் பலகை வராது. பலா நல்ல மரம், மஞ்சளாகத் தொடங்கிப் பழுப்பாக முதிரும். ஆனால் அது தேக்கோடு சேர்ந்து நகராது. பூவரசில் நீளம் கிடைக்காது. ரயில்வே வீட்டுப் பிள்ளை என்பதாலோ என்னவோ, ஏலத்தில் வரும் பழைய மர ஸ்லீப்பர்களையும் ஆசையாகக் கேட்டார். ஆசாரி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்க வேண்டிய மரத்துக்கு கிரியோசோட் என்ற தார் எண்ணெயை ஊறவைத்திருப்பார்கள். வெயிலில் அது கசியும். மனிதர் படுத்துறங்கும் அறைக்குள் வரக்கூடாத நஞ்சு.

கடைசியில் மரம் கிடைத்தது கடலோரத்தில், பழைய வீடுகளை இடித்துவரும் சாமான்களை விற்கிற ஒரு கொட்டகையில். கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு உத்தரங்கள் கிடந்தன. எட்டங்குலத்துக்கு ஆறங்குலம், பதினைந்தடி நீளம். ஆசாரி ஒன்றின் முனையை இழைப்புளியால் நாலு இழை இழைத்து, எச்சில் தொட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தார். தோல் பதனிட்டது போன்ற ஒரு வாசனை. டீச்சர் குனிந்து அடிக்கோலை வைத்து வளையங்களை எண்ணினார். ஓரங்குலத்தில் பதினான்கு. மரவாடியில் பார்த்த தோட்டத்துத் தேக்கில் நான்கு. காட்டுக்குள் மற்ற மரங்களோடு போட்டியிட்டு, ஓரங்குலம் பருக்கப் பதினான்கு ஆண்டு எடுத்துக்கொண்ட மரம்.

பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டுவதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, மரம் நின்றபடியே சாகவும் உலரவும் இரண்டு மூன்று ஆண்டு விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் முழுகும், உலர்ந்ததுதான் மிதக்கும். பிறகு யானை இழுத்து ஓடையில் விட, மழை வெள்ளம் ஐராவதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தமிழ்க் கரைக்கு அது கப்பலில் வந்தது. செட்டிநாட்டுத் தூண்களும் சென்னையின் பழைய உத்தரங்களும் அந்த வழியாக வந்தவைதான். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். பலர் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். அந்தத் தேக்குக் காடுகளும் அவர்களைப் பார்த்திருக்கும். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட மரம் இங்கே இடிபாட்டுக்கு அடியில், எடை போட்டு விற்கும் பழைய இரும்புக்குப் பக்கத்தில் கிடந்தது. வாங்கியபோது அவருக்குக் கண் கலங்கிற்று.

கணக்கு எளிது. ஒவ்வோர் உத்தரமும் ஐந்து கன அடி. ஒன்றே கால் அங்குலப் பலகையாக அறுத்தால் ஒன்றுக்கு ஐந்து, நான்குக்கு இருபது. வேண்டியது பதின்மூன்று. விலை புதுத் தேக்கைவிடக் குறைவு, அறுப்புக்கூலி அதிகம். பழைய மரத்துக்குள் ஆணி ஒளிந்திருக்கும். அது பட்டால் ரம்பத்தின் பல் போய்விடும். ஆசாரியின் பேரன் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத்தை நூலில் கட்டி உத்தரம் முழுக்கத் தடவிக்கொண்டே போனான். நூல் சாய்ந்த இடத்திலெல்லாம் ஆணி. கொல்லன் அடித்த, தலை சதுரமான ஆணிகள். ஒரு டம்ளர் நிறைந்தது.

மரத்தை வண்டியில் ஏற்றிய அன்று மத்தியானம் மாமல்லபுரத்தில் சாப்பிட்டார்கள். "வந்தது வந்தோம், ரதத்தைப் பாத்துட்டுப் போலாம்" என்றார் ஆசாரி. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். டீச்சர் எத்தனையோ முறை பார்த்ததுதான். தச்சரோடு பார்த்தது அதுவே முதல் முறை. திரௌபதி ரதத்தின் கூரையைக் காட்டி, இது கூரை வேய்ந்த குடிசை என்றார். பீம ரதத்தின் வளைந்த முகட்டைக் காட்டி, இந்த வளைவு மரச் சட்டத்தை வளைத்துக் கட்டினவன் கண்டது, கல்லுக்கு இந்த வளைவு தேவையே இல்லை என்றார். சுவரின் மேல் ஓடும் கொடுங்கையை விரலால் வரைந்து காட்டினார்: ஓலைக் கூரையின் இறப்பு அப்படியே கல்லில் இறங்கியிருந்தது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமை கொள்கிறான். அதுவரை கோயில்கள் எதனால் ஆகியிருந்தன என்பதற்கு அந்தப் பெருமையே சாட்சி. மரக் கோயில்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றின் உருவம் மட்டும் இந்தக் கடற்கரைப் பாறையில் நிற்கிறது.

"கல்லுல செஞ்சவனுக்குக் கவலையில்ல பாப்பா. கல்லு நவுராது. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்கு ஒட்டும். எடம் விடலன்னா அதுவே எடம் பண்ணிக்கும்."

2020 மார்ச் மூன்றாம் வாரம் பலகைகள் அறுபட்டு வந்தன. இழைக்கத் தொடங்கும் முன் ஊரடங்கு. அவர் முடிச்சூரில், ஆசாரி சதுரங்கப்பட்டினத்தில், மரம் செங்கல்பட்டுக் கூடத்தில். நல்ல வேளையாக ஆசாரி இறக்கிய அன்றே பலகைகளை அடுக்கிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே இரண்டடிக்கு ஒரு ரீப்பர், எல்லா ரீப்பரும் ஒன்றின் நேர் மேல் ஒன்று, உச்சியில் பாரத்துக்கு அம்மிக்கல். ஜூனில் சென்னையோடு செங்கல்பட்டையும் சேர்த்து மறுபடி முழுசாக அடைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவி இருந்தது. "தெற்கு ஜன்னலை மட்டும் தெறந்து வைம்மா, வடக்க திறக்காத" என்று போனில் சொல்வதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறந்தபோது இருபதில் இரண்டு முறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் நீளவாட்டில் வெடிப்பு. அவசரப்பட்டு ஏப்ரலில் பதித்திருந்தால் இந்த மூன்றும் தரையில் கிடந்து முறுக்கியிருக்கும், பக்கத்துப் பலகைகளையும் தூக்கியிருக்கும். மரம் உலர்ந்தது என்று கடைக்காரர் சொல்வது ஒரு கணக்கு. அது கிடக்கப்போகிற வீட்டுக் காற்றோடு சமாதானம் ஆவது வேறு கணக்கு. ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தர விதியே நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்துப் பகுதிபகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. ராஜஸ்தானுக்குச் சரியான பலகை கடலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் செங்கல்பட்டுக்குச் சரியாக இருக்காது.

அவர் ஈரமானி ஒன்று வாங்கினார். பழைய பதினொன்றையும் புதிய பதினேழையும் மாதம் ஒருமுறை குத்திப் பார்த்து நோட்டில் எழுதினார். நவம்பர் 25 இரவு நிவர் புயல் தெற்கே கரையைக் கடந்த வாரத்தில் 15 சதவீதம். கொளவாய் ஏரி நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது, துவைத்த துணி மூன்று நாள் காயவில்லை. அடுத்த மே மாதத்தில் அதே பலகைகள் 11. நான்கு சதவீத வித்தியாசம்.

இதற்கு நடுவில், தை மாதம், ஆசாரி பதிக்க வந்தார். மழையில் ஊதியிருக்கும்போது பதித்தால் கோடையில் இடுக்கு பிளக்கும். கோடையில் இறுக்கிப் பதித்தால் ஐப்பசியில் விரிய இடமில்லாமல் தரை கூரைபோல நடுவில் எழும்பும். தையும் மாசியும் மழைக்கும் கோடைக்கும் இடைப்பட்ட காலம். மானியும் 13 காட்டியது. "செவுத்துக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் அரை அங்குலம் விடணும்" என்றார். ஏன் அரை அங்குலம் என்று கேட்டதற்கு, அப்பா விட்டது என்றார்.

மே மாத அளவு கிடைத்த அன்று இரவு டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மரம் நீளவாட்டில் அநேகமாக நீள்வதில்லை, அகலவாட்டில்தான் விரிகிறது. தேக்குப் பலகை, வளையங்கள் படுத்தபடி அறுபட்டிருந்தால், ஒரு சதவீத ஈரத்துக்கு அகலத்தில் 0.00186 பங்கு மாறும் என்று மரவியல் நூல்கள் குறிக்கின்றன. அறையின் அகலம் பன்னிரண்டடி, அதாவது 3,658 மில்லிமீட்டர். நான்கு சதவீதத்துக்குப் பெருக்கினார். 27 மில்லிமீட்டர். இரண்டு சுவருக்கும் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்றரை. அரை அங்குலம் என்பது 12.7.

முப்பத்தைந்து ஆண்டு கரும்பலகையில் பெருக்கிக் காட்டியவருக்கு, ஒரு பெருக்கல் இப்படி உடம்பைச் சிலிர்க்க வைத்தது அதற்கு முன் நடந்ததில்லை. அந்தக் கணக்கிலேயே ஐந்து காசும் இருந்தது. ஆறங்குலப் பலகை ஒன்று, நான்கு சதவீதத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். சித்திரையில் காசு விழுந்ததும் ஐப்பசியில் நின்றதும் அந்த ஒரு மில்லிமீட்டரால்.

தையில் பதிக்கும் வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. பழைய பலகைகள் வெறும் விளிம்பாக ஒட்டி வைத்தவை. அதனால்தான் காசும் தூசும் கீழே கொட்டின. இந்த முறை எல்லாப் பலகைக்கும் இரு விளிம்பிலும் பள்ளம் எடுத்து, நடுவில் மெல்லிய தேக்கு ரீப்பரை ஒட்டாமல் சொருகினார்கள். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் ரீப்பர் இடுக்கை மறைத்தபடி இருக்கும். கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடிக்கும் என்று பித்தளைத் திருகு. சுவரோரத்து அரை அங்குலத்தை மறைக்கும் ஓரப்பலகையைச் சுவரில்தான் முடுக்கினார்கள்; தரையில் முடுக்கினால் விட்ட இடத்துக்கு அர்த்தமில்லை. பழையதும் புதியதும் கலந்தே போட்டார் ஆசாரி, நிறம் திட்டுத்திட்டாகத் தெரியாமலிருக்க. ஏழாவது பலகை மறுபடி ஏழாவதாகவே வந்தது. அதைக் கேட்டு வாங்கியது டீச்சர்தான்.

மேல்பூச்சு பற்றிக் கடைசிவரை வாக்குவாதம். பாலியூரிதேன் அடித்தால் கண்ணாடிபோல இருக்கும் என்றான் பேரன். அது உரியத் தொடங்கினால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும் என்றார் ஆசாரி. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயே முடிவானது. தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி துணியால் தேய்த்துக்கொள்ளலாம், டீச்சரே தேய்க்கலாம். அந்தத் துணி விஷயத்தில் ஆசாரி கண்டிப்பாக இருந்தார். ஆளிவிதை எண்ணெய் ஊறின துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது எழும் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் தேய்த்த மூன்று நாளும் சாயங்காலம் ஆனால் கிணற்றடிக் கல்லில் துணிகள் ஒவ்வொன்றாக விரித்துக் கிடக்கும்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. செங்கல்பட்டில் பத்து மணிக்கே மின்சாரம் போய்விட்டது. அவர் மெழுகுவத்தியோடு மெத்தை அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். ஓடுகளை இந்த முறை கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். காற்று ஒவ்வொரு முறை அறையும்போதும் முதுகுக்குக் கீழே பலகை லேசாக அதிர்ந்தது. விடிந்ததும் போன் அடித்தது, சதுரங்கப்பட்டினத்திலிருந்து.

"ஓடு நிக்குதா பாப்பா?"

"நிக்குதுங்க ஐயா. உங்க ஊர்ல எப்படி?"

"இங்க எங்க வூட்டுக் கதவு போயிடுச்சி. அந்த மிச்சப் பலகை நாலு இருக்குதில்ல, அதுல ரெண்டு குடுப்பியா?"

பேரன் மறுவாரம் டி.வி.எஸ். வண்டியில் வந்து இரண்டு பலகைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனான். மீதி இரண்டும் கூடத்தில், ரீப்பர் வைத்து அடுக்கியபடியே இருந்தன. அடுக்களைப் பரணுக்கு. தை பிறந்ததும் வருவதாக ஆசாரி சொல்லியனுப்பியிருந்தார்.